எளிய ஆங்கிலம் கற்போம்: எங்க வீட்டு மனுஷங்க

போன மாதம் வங்கியில் பேச வேண்டிய ஆங்கிலச் சொற்களைப் பார்த்தோம். இந்த மாதம் நம் வீட்டைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் சொல்லப் பழகுவோம். "எங்க குடும்பத்தைப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று கேட்பீர்கள். தமிழில் வேண்டாம்தான். ஆனால் நம்மிடம் இருக்கிற அளவு உறவுச் சொற்கள் ஆங்கிலத்தில் இல்லை. அங்கேதான் சிக்கல் வருகிறது.

எங்கள் கூட்டமைப்பில் ஒரு அக்கா இருந்தார். பிள்ளை இல்லை. கொழுந்தனார் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர். ஜீவன் ஜோதி காப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது நாமினி யார் என்று கேட்டோம். "எம் பொண்ணுதான்" என்றார். நாங்களும் 'டாட்டர்' என்று எழுதிவிட்டோம். அக்கா இறந்த பிறகு 2 லட்சம் ரூபாய்க்கு அந்தப் பெண் எழுதிக் கொடுத்தபோது, ஆதாரில் அப்பா பெயர் வேறாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பணம் கிடைத்தது. ஆனால் ஏழு மாதம் அலைந்தாள். போன இடத்தில் எல்லாம் "நீ அவங்க பொண்ணு இல்லையே" என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அது எங்கள் கையால் வந்த தவறு. 'நீஸ்' என்று எழுதியிருக்க வேண்டும். அண்ணன் மகள், தம்பி மகள், நாத்தனார் மகள், கொழுந்தனார் மகள் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். பையன் என்றால் 'நெஃப்யூ'.

படிவத்தில் பிறப்பாலும் கல்யாணத்தாலும் சட்டப்படி தத்தெடுத்ததாலும் வந்த உறவை மட்டும் எழுதுங்கள். மனதில் உள்ளதை வாயால் சொல்லலாம். அதற்கும் ஆங்கிலத்தில் வழி இருக்கிறது. "ஐ பிராட் ஹெர் அப்" என்றால் நான்தான் அவளை வளர்த்தேன். "ஷி இஸ் லைக் மை ஓன் டாட்டர்" என்றால் அவள் எனக்குச் சொந்த மகள் மாதிரி. "ஷி இஸ் ஃபேமிலி" என்றால் அவ நம்ம வீட்டு ஆளு. கடைசி வாக்கியத்தில் 'எ ஃபேமிலி' என்று சேர்த்துவிடாதீர்கள், ஒரே பெண் ஒரு குடும்பம் ஆகிவிடுவாள்!

மற்ற உறவுகள்: சித்தி, பெரியம்மா, அத்தை எல்லோரும் 'ஆன்ட்'. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லோரும் 'அங்கிள்'. அத்தை மகனும் 'கசின்', சித்தப்பா மகனும் 'கசின்'. நமக்கு ஒருவர் முறை மாப்பிள்ளை, இன்னொருவர் அண்ணன் தம்பி. ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஓரகத்தியை நம் பக்கம் 'கோ-சிஸ்டர்' என்பார்கள். அது நம்ம ஊர் ஆங்கிலம். படிவத்தில் 'சிஸ்டர்-இன்-லா' என்றே எழுதுங்கள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் அதேதான்.

இன்னொன்று. நாம் "எங்க அம்மா", "எங்க வீடு" என்று பழகியவர்கள். ஆங்கிலத்தில் ஒருத்தியாகப் பேசும்போது "மை மதர்", "மை ஹவுஸ்" என்பதே வழக்கம். வீட்டுக்காரரை "அவங்க வராங்க" என்போம். பயிற்சியில் ஒரு சகோதரி அதை "தே ஆர் கமிங்" என்று சொல்ல, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எல்லோரும் வாசலைப் பார்த்தோம். "ஹி இஸ் கமிங்" என்றால் மரியாதைக் குறைவு இல்லை. 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் அவர்களிடம் 'வி' ஒன்றுதான். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னோமா என்பது பேச்சின் போக்கில்தான் தெரியும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்றால் "ஆல் ஆஃப் அஸ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்த வீட்டுக்கு "மை பேரன்ட்ஸ் ஹவுஸ்", புகுந்த வீட்டுக்கு "மை இன்-லாஸ் ஹவுஸ்". இரண்டிலும் 'என் வீடு' என்று நேராக வரவில்லையே என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. 'ஹவுஸ்' என்பது கட்டடம், 'ஹோம்' என்பது நாம் நிம்மதியாக இருக்கிற இடம். "திஸ் இஸ் மை ஹோம்" என்று சொல்ல ஆவணம் எதுவும் வேண்டாம். "ஐ பிலாங் ஹியர்" என்றால் நான் இந்த இடத்துக்காரி. பாட்டி இதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "திஸ் பிலாங்ஸ் டு மீ" என்றால் இது என் பொருள். பாத்திரத்துக்கும் ஆட்டுக்கும் இதைச் சொல்லுங்கள், மருமகளுக்குச் சொல்லாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டாரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும். ஊக்குநர்கள் இன்னொரு வேலையும் செய்யுங்கள். உறுப்பினர்களின் காப்பீட்டுச் சான்றையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி, நாமினி பெயருக்கு எதிரே என்ன உறவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து மாற்றலாம். ஆதார் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.