வீட்டுக் கற்றாழைக்கு எவ்வளவு வெயில்?

ஊரில் வேலியோரம் தானாக வளர்ந்த கற்றாழை, கனடாவில் நம் வீட்டுச் சாடியில் குளிர்காலம் வந்தால் வெளிறி, மெலிந்து சாய்கிறது. வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றுகிறோம்; வேர் அழுகுகிறது. அது கேட்பது வெளிச்சம்!

டிசம்பரில் ரொறன்ரோவில் பகல் சுமார் 9 மணி நேரமே. எனவே சாடியைத் தெற்கு யன்னலருகே வையுங்கள். இலை குளிர்ந்த கண்ணாடியில் முட்டக் கூடாது. வாரம் ஒருமுறை சாடியைத் திருப்புங்கள். மண் நன்கு காய்ந்த பின்பே நீர் விடுங்கள்.

கோடையில் திடீரென வெளியே வைத்தால் இலை செம்பழுப்பாகும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் என 10 நாட்களில் பழக்குங்கள்.

கவனம்: இலையை வெட்டும்போது வடியும் மஞ்சள் பால் வயிற்றோட்டம் உண்டாக்கும். அதைக் கழுவிவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் தோலில் பூசுங்கள்.