லைன் இருக்கிறது, விலாசம் கிடைக்கவில்லை! (கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பாடம்)



மாதத்தின் 20ஆம் தேதி இரவு. கடையை மூடிவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட உட்காருகிறார் வியாசர்பாடி மளிகை வியாபாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் திறக்கவில்லை. "நெட் போச்சு, காலையில் பார்ப்போம்" என்று எழுந்துவிடுகிறார். மாத ரிட்டர்ன் போடுபவராக இருந்து, வரியும் பாக்கி என்றால், மறுநாள் முதல் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரித் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. இத்தனைக்கும் லைன் போகாமலே இருந்திருக்கலாம்! விலாசம் சொல்லும் ஏற்பாடு மட்டும் மக்கர் செய்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இன்றைய பாடம்.

டி.என்.எஸ். என்பது என்ன?

இன்டர்நெட்டில் விலாசம் என்பது எண்தான். நாம் அடிப்பது பெயர். அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். இதை 1983இல் அமெரிக்காவில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தார்.

1996இல் கொத்தவால் சாவடி காய்கறி மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகும் பழைய விலாசத்துக்கே வண்டி அனுப்பினால் என்ன ஆகும்? சாலையும் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது; வண்டி மட்டும் வெறுமனே திரும்பும். டி.என்.எஸ். கோளாறும் அப்படித்தான்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனில் திறந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். இரண்டிலும் திறக்காவிட்டால் வேறு இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள். அவை திறந்தால் கோளாறு உங்களிடம் இல்லை; அந்தத் தளத்தில்தான். எதையும் மாற்றாதீர்கள்.

2. எதுவுமே திறக்காவிட்டால், விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்தால் லைனுக்குக் குறைவில்லை. வராவிட்டால் லைனிலோ மோடத்திலோ கோளாறு இருக்கலாம். இணைப்பு கொடுத்தவரை அழையுங்கள்.

3. அடுத்து, எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எண் தோன்றினால், அதன்பின் பதில் வராவிட்டாலும் விலாசம் கிடைத்துவிட்டது என்று பொருள். எண்ணே தோன்றாவிட்டால் டி.என்.எஸ். கோளாறுதான்.

சரிசெய்யும் வழி

முதலில் மோடத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் போடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது நினைவில் வைத்திருக்கும் பழைய விலாசங்கள் அழியும். அப்படியும் சரியாகாவிட்டால், நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் இருப்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, 8.8.8.8 என்றும் அடுத்த வரியில் 1.1.1.1 என்றும் கொடுங்கள். முன்னது கூகுள் 2009 முதலும், பின்னது கிளவுட்ஃபிளேர் 2018 முதலும் இலவசமாக நடத்தும் சேவைகள். அவசரமானால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து முதலில் ரிட்டர்னை முடியுங்கள். ரிப்பேரைக் காலையில் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை

விலாசம் சொல்பவனே திருடனாக இருந்தால்? டி.என்.எஸ். சேஞ்சர் என்ற வைரஸ் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டி.என்.எஸ். எண்ணை மாற்றி, மக்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அந்தக் கும்பல் எஸ்டோனியாவில் பிடிபட்டது. ஆகவே, முன்பின் தெரியாதவர் போனில் சொல்லும் எண்ணை ஒருபோதும் போடாதீர்கள். மோடத்துடன் வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். பேங்க் பக்கம் திறக்கும்போது "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தராசை அவ்வப்போது சரிபார்க்கும் நாம், கம்ப்யூட்டரையும் 20ஆம் தேதிக்கு முன்பே ஒருமுறை சரிபார்ப்போம். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேசையருகே ஒட்டி வையுங்கள். கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.