பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சாலிடேர் விளையாடுவார்கள், போட்டோக்களைப் போல்டர் போல்டராகப் பிரித்து வைப்பார்கள், ரயில் டிக்கெட் எடுப்பார்கள். இந்த மாதம் அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அதற்குக் கொடுப்போம். கோடை விடுமுறையில் ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை என்று குடும்பத்துடன் சுற்றி வர, கையைக் கடிக்காத விலையில் ஒரு பழைய கார் வாங்க எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரைச் சோதிப்பது எப்படி என்று பார்க்கலாம்.

நான் சாப்ட்வேர் எழுதுபவன், மெக்கானிக் அல்ல. ஆனால் எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே தகவலை இரண்டு இடங்களில் இருந்து எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒத்துப் போகாத இடத்தில்தான் பிழை இருக்கும். பழைய காருக்கும் இதுவே சரியான வழி. காரைப் பற்றி அரசு ஏடு ஒன்று சொல்கிறது, காரின் உடம்பு ஒன்று சொல்கிறது, விற்பவர் ஒன்று சொல்கிறார். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்பதே சோதனை.

ஈரோட்டில் இருக்கும் என் சித்தப்பாவுக்காகச் சென்ற ஆண்டு இப்படித்தான் தேடினோம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருந்தார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. பேரப் பிள்ளைகள் வருவதற்குள் கார் வாசலில் நிற்க வேண்டும் என்பது சித்தியின் உத்தரவு. "ஏப்பா, காரைப் பார்க்காம கம்ப்யூட்டரையே பார்த்துட்டு உக்காந்திருக்க?" என்று சித்தப்பா இரண்டு நாள் பொறுமையிழந்து கேட்டுக்கொண்டே இருந்தார். விளம்பரங்களில் இருந்து மூன்று கார்களைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அதில் ஒன்று, நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கழிந்துவிட்டது.

பதிவு எண்ணே முதல் சாவி

பிரவுசரைத் திறந்து பரிவாகன் டாட் கவ் டாட் இன் என்ற முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். இது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம். தேடுபொறியில் தேடி, முதலில் வரும் விளம்பர லிங்க்கில் கிளிக் செய்ய வேண்டாம். இதே பெயரை ஒட்டிப் பல போலித் தளங்கள் உள்ளன. முகவரியின் கடைசியில் கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் வாகன விவரம் அறியும் பிரிவு, 'நோ யுவர் வெஹிகிள் டீடெயில்ஸ்' என்ற பெயரில் இருக்கும். உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதன் பின் காரின் பதிவு எண்ணையும் திரையில் தெரியும் எழுத்துகளையும் டைப் செய்து என்டர் தட்டினால், காரின் ஜாதகம் திரையில் விரியும். உரிமையாளர் பெயர் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். பதிவு செய்த நாள், எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் நாள், புகைச் சான்றிதழ், பதிவு செல்லுபடியாகும் நாள் எல்லாம் கிடைக்கும். இந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுங்கள். பிரிண்டர் இல்லையென்றால் பி.டி.எப். ஆகச் சேமித்து போனுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். காரைப் பார்க்கப் போகும்போது இது கையில் இருக்க வேண்டும்.

எங்கள் முதல் கார் இங்கேதான் விழுந்தது. "லோன் எல்லாம் எப்பவோ கட்டியாச்சு சார்" என்றார் விற்பவர். திரையில் கார் இன்னமும் கடனில் இருப்பதாக இருந்தது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. கடனை அடைத்த பிறகும் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யில் இருந்து கடன் பதிவை நீக்காமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஆனால் அதை நீக்கும் வரை காரை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. "நீக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சொன்னோம். இன்று வரை கூப்பிடவில்லை.

அடுத்தது பதிவு முடியும் நாள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குப் பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. 14 வயதுக் காரை "சும்மா கிடைக்குது" என்று வாங்குபவர்கள் இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

வெளி மாநிலக் கார் என்றால் இன்னும் ஒரு கணக்கு. படிவம் 28-ல் அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியும் இங்கே கட்ட வேண்டும். டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின், அங்கிருந்து மலிவான டீசல் கார்கள் தெற்கே வரத் தொடங்கின. விலை மட்டும் பார்த்தால் ஆசையாக இருக்கும். வரியைக் கூட்டினால் ஆசை அடங்கிவிடும்.

நிலுவையில் உள்ள அபராதங்களை அரசின் இ-சலான் தளத்தில் பார்க்கலாம். பதிவு எண்ணுடன் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கங்கள் கேட்கும். விற்பவரிடம் ஆர்.சி. நகல் வாங்கினால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. பைலை எக்காரணம் கொண்டும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அது அபராதம் காட்டும் புரோகிராம் அல்ல, வங்கிக் கணக்கைத் துடைக்கும் புரோகிராம். அதுபோல, விளம்பரத்தில் "நான் ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் ஆகிவிட்டது, முன்பணம் அனுப்பினால் காரை லாரியில் அனுப்புகிறேன்" என்று சொல்பவரையும் அப்படியே விட்டுவிடுங்கள். காரைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடப் போகக் கூடாது.

இனி காரின் உடம்பு

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனவுடன் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். காலை நேர முதல் ஸ்டார்ட்டில்தான் இன்ஜினின் நோய் வெளியே தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வரும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. அந்தக் கார் வேண்டாம்.

சேசிஸ் எண் 17 எழுத்து, எண்கள் கொண்டது. காரில் பொறித்திருப்பதையும் ஆர்.சி.யில் இருப்பதையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் தேய்த்த தடமோ புது பெயின்ட்டோ இருந்தால் திரும்பிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். 2021 மாடல், 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார். நான்கு டயரும் 2024-ல் தயாரானவை என்றால், பழைய டயர்கள் எதனால் தேய்ந்தன என்று கேட்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரை மாற்ற முடியாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் இருந்தால் மாற்றலாம். எனவே மீட்டரைவிட, சர்வீஸ் பில்களில் எழுதியிருக்கும் கிலோமீட்டரையும் பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் நம்புங்கள்.

இரண்டாவது கார் பார்க்க மிக அழகாக இருந்தது. சென்னைப் பதிவு. சித்தப்பாவுக்கு அதன் மேல் கண். உள்ளே ஏறினால் சென்ட் வாடை மூக்கைத் துளைத்தது. நான் ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறக் கோடு, அதன் கீழே சேறு படிந்த கறை. பின்னால் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் விரிப்பைத் தூக்கினால் துரு, மூலையில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இதுவும் ஏதோ ஒரு வெள்ளத்தில் நின்ற கார்தான். துடைத்து, பாலிஷ் போட்டு வேறு ஊரில் விற்பது எளிது. மதர்போர்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரிலும் அப்படிப் பல போர்டுகள், நூற்றுக்கணக்கான இணைப்புகள். இன்று வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையின் நடுவில் நின்றுபோகும். பின்சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம். "விலையைக் குறைக்கச் சொல்லலாமா?" என்றார் சித்தப்பா. வெள்ளக் காருக்குக் குறைத்த விலை என்று ஒன்று இல்லை என்பது என் கட்சி.

கார் தன் ஹிஸ்டரியை மறைக்குமா?

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களில் ஓ.பி.டி.-2 என்னும் சுய பரிசோதனை வசதி கட்டாயமானது. ஸ்டீயரிங்கின் கீழே, முழங்கால் படும் பகுதியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இ.எல்.எம்.327 என்று கேட்டால் சில நூறு ரூபாயில் ஒரு சிறு ப்ளூடூத் அடாப்டர் கிடைக்கும். அதை அங்கே செருகி, இக்னிஷனை ஆன் செய்து, லேப்டாப்பிலோ போனிலோ இலவச ஓ.பி.டி. புரோகிராம் ஒன்றைத் திறந்தால், இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழை எண்களைப் படிக்கலாம்.

விற்பவர் கெட்டிக்காரர் என்றால் நீங்கள் வருவதற்கு முன் பிழைகளை அழித்திருப்பார். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கும் எரியாது. ஆனால் அழித்ததற்கும் தடம் உண்டு. புரோகிராமில் 'ரெடினஸ்' என்ற பக்கத்தைப் பாருங்கள். இன்ஜின் தன்னைத்தானே சோதித்து முடித்திருந்தால் ஒவ்வொன்றும் தயார் என்று காட்டும். சமீபத்தில் அழித்திருந்தால் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். பல கார்களில், அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் தெரியும். பிரவுசர் ஹிஸ்டரியை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுத்த கதைதான். என்ன பார்த்தார் என்று தெரியாது, அழித்தார் என்று தெரியும்.

எங்கள் மூன்றாவது கார் 2014 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பிழை எதுவும் இல்லை. ஆனால் அழித்த பின் ஓடியது 4 கிலோமீட்டர். விற்பவரான ஆசிரியர், "பேட்டரி மாத்தினோம், அதனால இருக்கும்" என்றார். அதுவும் நடக்கக்கூடியதே. பேட்டரியைக் கழற்றினாலும் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும். எனவே சண்டை போடவில்லை. ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டச் சொல்லி, அடுத்த ஞாயிறு மெக்கானிக்குடன் போனோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் சரியாக எரியவில்லை. மெக்கானிக் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார். சிறிது ஓட்டியதும் பிழை பி0301 ஆக மாறியது. காயிலோடு பிழையும் நகர்ந்ததால் கெட்டது காயில்தான். இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஆசிரியரும் முகம் சுளிக்காமல் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டார்.

மலைக்குப் போகும் கார் என்பதால் கிளட்ச்சைக் கட்டாயம் பாருங்கள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, மெதுவாகக் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. ஏ.சி.யைப் போட்டு ஏதாவது மேம்பாலம் ஏறி இறங்குங்கள். வெப்ப முள் நடுவைத் தாண்டக் கூடாது.

பேரம் பேசும் முன் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு சிறு பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் செலவின் பெயர், வலப்பக்கம் தொகை. கார் விலை, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, மெக்கானிக் சொன்ன வேலைகள். கடைசியில் ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். இந்த மொத்தம்தான் உங்கள் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும், விளம்பர விலை அல்ல. சித்தப்பாவின் பட்டியல் 1,93,000 ரூபாயில் நின்றது. மீதி பெட்ரோலுக்கு.

பணம் கொடுக்கும் அன்று ஆர்.சி.யில் இருக்கும் பெயருடையவரே எதிரில் இருக்க வேண்டும். படிவம் 29-ல் இரண்டு பிரதிகள், படிவம் 30, இரண்டிலும் அவர் கையெழுத்து வாங்குங்கள். "பெயர் மாற்றத்தை மெதுவாகப் பார்த்துக்கலாம்" என்று தரகர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடனேயே போய்விடும், உங்களுக்கு வராது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்கை அவர் மூடிய பின் உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் இன்னொரு வேலையையும் வீட்டிலேயே முடிக்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த இரு இடங்களுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அரசின் இ-பாஸ் தளத்தில் அன்றைய விதிகளைப் பார்த்து, புதிய ஆர்.சி.யில் உள்ளபடி விவரங்களை டைப் செய்து, பாஸை பிரிண்ட் எடுத்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது.