அச்சு உருளையும் தீப்பொறியும்

பிஸ்கட் பொட்டலம் வாங்குகிறோம். ஷாம்பு பாக்கெட் வாங்குகிறோம். அவற்றில் அழகான வண்ணப் படங்கள் உள்ளன. அவற்றைப் பெரும்பாலும் கிராவ்யூர் என்னும் இயந்திரத்தில் அச்சிடுகிறார்கள்.

அந்த இயந்திரத்தில் ஓர் எஃகு உருளை இருக்கும். அதைச் சிலிண்டர் என்பார்கள். அதன் மேல் செம்பு பூசியிருப்பார்கள். செம்பில் படத்தைச் சின்னச் சின்னக் குழிகளாகச் செதுக்குவார்கள். குழிகளில் மை நிற்கும். செம்பு மென்மையானது. சீக்கிரம் தேயும். அதனால் அதன் மேல் குரோமியம் பூசுகிறார்கள். இந்தப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் மிகவும் கடினமானது. உருளையைத் தேயாமல் காக்கிறது.

சரி, அங்கே வேலை செய்பவரைக் காப்பது எது?

பொறி எப்படி வருகிறது?

உலர்ந்த தலைமுடியைப் பிளாஸ்டிக் சீப்பால் வாருங்கள். சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு போங்கள். அவை தாவி ஒட்டிக்கொள்ளும். சீப்பில் மின்சாரம் சேர்ந்திருக்கிறது. இதற்கு நிலைமின்சாரம் என்று பெயர்.

அச்சு இயந்திரத்திலும் இதுவே நடக்கிறது. சிலிண்டருக்கும் ரப்பர் ரோலருக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வேகமாக ஓடுகிறது. ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. மின்சாரம் சேர்கிறது. காற்று உலர்ந்த நாட்களில் இன்னும் அதிகம் சேரும்.

மையில் தின்னர் கலந்திருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோரம் தேங்கும். ஒரு சிறு பொறி போதும். ஆவி தீப்பற்றிவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. சேரும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழி வேண்டும். அந்த வழிதான் எர்த் கம்பி. வேலை தொடங்கும் முன் அதைப் பாருங்கள். குரோமியத்தில் மின்சாரம் பாயும். பெயிண்டிலும் காய்ந்த மையிலும் பாயாது. ஆகவே கம்பியின் கிளிப் வெறும் உலோகத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

2. பிளாஸ்டிக் தாளில் சேரும் மின்சாரம் எர்த் கம்பி வழியே இறங்காது. அதைப் போக்கத் தனிக் கருவி உண்டு. அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

3. தின்னரைப் பிளாஸ்டிக் வாளியில் எடுக்காதீர்கள். எர்த் இணைத்த உலோகப் பாத்திரத்தில் எடுங்கள். மூடி வையுங்கள்.

4. நைலான், பாலியெஸ்டர் உடை வேண்டாம். பருத்தி உடை அணியுங்கள்.

5. ஆவியை வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும்.

எர்த் கம்பி அறுந்திருந்தால் மேஸ்திரியிடம் உடனே சொல்லுங்கள். சரிசெய்த பிறகே இயந்திரத்தை ஓட்டுங்கள். உருளை தேய்ந்தால் மறுபடி பூசலாம். போன உயிர் திரும்பாது.

பயிற்சி

1. செம்பின் மேல் குரோமியம் பூசுவது ஏன்?
2. எர்த் கிளிப்பைப் பெயிண்டின் மேல் மாட்டினால் என்ன ஆகும்?
3. தின்னரின் ஆவி எங்கே தேங்கும்?