இரண்டு வட்டுகள் இருந்தால் போதுமா?

ரொக்கக் கடன் வரம்பைப் புதுப்பிக்க வேண்டிய வாரத்தில், எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளரான மளிகை மொத்த வணிகர் ஒருவர் கலங்கிய முகத்துடன் வந்து அமர்ந்தார். சரக்கு இருப்புப் பட்டியலும் வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலும் அவரிடம் இல்லை. அவை இல்லாமல் அவர் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று கணக்கிட எங்களாலும் இயலாது.

நடந்தது இதுதான். கடைக் கணக்குகள் இரண்டு வட்டுகள் கொண்ட ஒரு சேமிப்புப் பெட்டியில் இருந்தன. இடம் நிறைந்துவிட்டதால் பெரிய வட்டுகள் வாங்கினார்கள். முதல் வட்டை மாற்றிய சற்று நேரத்திலேயே, அதில் தரவு எழுதி முடியும் முன்பே, இரண்டாவதையும் மாற்றிவிட்டார்கள். கழற்றிய பழைய வட்டுகளை அன்றே கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியில் பொருத்தினார்கள். அது பழைய தரவை அழித்துவிட்டுக் காட்சிகளைப் பதியத் தொடங்கியது.

"இரண்டு டிஸ்க் இருந்ததே சார், அதுதானே பேக்கப்?" என்று கேட்டார். அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

இரட்டிப்பு வேறு, காப்புப் படி வேறு

விலையுயர்ந்த ஒரே வட்டுக்கு மாற்றாக, விலை குறைந்த பல வட்டுகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தலாம் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். 'ரெய்டு' என்னும் பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு வட்டு பழுதானாலும் வேலை நில்லாமல் நடக்க வேண்டும் என்பதே இவ்வகை இரட்டிப்பின் நோக்கம்.

இரண்டு வட்டுகளிலும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி எழுதப்படுகிறது. ஆகவே ஊழியர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது இரண்டிலும் அழியும். பணம் பறிக்கும் தீநிரல் கணக்குகளைப் பூட்டினால், இரண்டும் பூட்டப்படும். தீ விபத்தோ திருட்டோ நேர்ந்தால், ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே அலமாரியில் வைத்த இரண்டு பேரேடுகளின் நிலைதான் இது.

கிளைகள் மையக் கணினியுடன் இணைக்கப்படுவதற்கு முன், நாள் இறுதிப் பணி முடிந்ததும் அன்றைய தரவைப் படியெடுத்து, ஒரு படியைக் கிளையிலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைப்போம். இன்றும் பொருந்தும் விதி அதுவே: மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள், அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில்.

எவ்வளவு இடம் கிடைக்கும்?

4 டெராபைட் வட்டுகள் இரண்டை இரட்டிப்பாக அமைத்தால் பயன்படும் இடம் 4 டெராபைட் மட்டுமே. நான்கு வட்டுகளை ரெய்டு-5 முறையில் அமைத்தால் 12 டெராபைட் கிடைக்கும். ஒரு வட்டின் பழுதைத் தாங்கும். அதே நான்கை ரெய்டு-6 முறையில் அமைத்தால் 8 டெராபைட் கிடைக்கும். இரண்டு வட்டுகளின் பழுதைத் தாங்கும். இரட்டிப்பில் ஒன்று 4, மற்றொன்று 8 டெராபைட் என வைத்தால், சிறியதன் அளவே கணக்கில் வரும்.

இடத்தைப் பெருக்கும் முறை

வட்டை மாற்றும் நேரமே மிகவும் இடர் மிகுந்த நேரம். இரட்டிப்பில் ஒரு வட்டைக் கழற்றியதும், உங்கள் கணக்குகள் அனைத்தும் எஞ்சிய ஒற்றை வட்டை நம்பியே நிற்கின்றன. எனவே கீழ்க்கண்ட வரிசை மாறக்கூடாது.

1. முழுக் காப்புப் படி ஒன்றை வெளி வட்டில் எடுங்கள். அதிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

2. பெட்டி யு.பி.எஸ். இணைப்பில் உள்ளதா என்று உறுதி செய்யுங்கள். வட்டுகளில் 1, 2 என்று எண் ஒட்டுங்கள்.

3. ஒரு வட்டை மட்டும் மாற்றுங்கள். மறுசீரமைப்பு முழுமையாக முடியும்வரை மற்றதைத் தொடாதீர்கள். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையே கடை வேலையும் நடந்தால் இன்னும் நீளும்.

4. முடிந்தது என்ற அறிவிப்பைக் கண்ட பின்னரே இரண்டாவது வட்டை மாற்றுங்கள். அதற்கும் அதே காத்திருப்பு உண்டு.

5. இறுதியில் பெட்டியின் அமைப்புப் பகுதியில் கொள்ளளவை விரிவாக்குங்கள். அதுவரை பழைய அளவே தெரியும், இது பிழையன்று.

6. பழைய வட்டுகளை ஒரு மாதமாவது தனியே வையுங்கள். பிறகு விற்பதானால் தரவை முற்றிலும் அழித்துவிட்டே கொடுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

கணக்குகளைக் காப்பது சட்டக் கடமையும் ஆகும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், அவ்வாண்டுக்குரிய ஆண்டு விவர அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு அது எட்டு நிதியாண்டுகள். அத்தனை காலம் ஒரே வட்டு உழைக்கும் என்று நம்ப இயலாது. வட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். தரவு மட்டும் மாறாமல் நிலைக்க வேண்டும்.

அந்த வணிகர் தணிக்கையாளரிடமிருந்த பழைய படியையும் காகித ரசீதுகளையும் கொண்டு கணக்குகளை மீண்டும் எழுதினார். அதற்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது சனிக்கிழமைதோறும் கடையடைக்கும்போது ஒரு வெளி வட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

இந்த வாரம் நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் காப்புப் படியிலிருந்து சென்ற ஆண்டின் ஒரே ஒரு விற்பனைச் சீட்டைத் தேடித் திறந்து பாருங்கள். அது திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலக் கணக்கு கையில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ளலாம்.