ஓட்டை போட்டது மேல்தட்டு

 

இன்றைய ஜும்ஆவில் கடலைப் பற்றிப் பேசப் போகிறேன். மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற கரிசல் காட்டில் நின்றுகொண்டு ஹஜ்ரத் ஏன் கடலைப் பேசுகிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் கப்பல் ஹதீஸைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. சீட்டுப் போட்டதில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைக்கிறது. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டும். இவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுக்காமல் விட்டால் அத்தனை பேருக்கும் அழிவு; தடுத்தால் அத்தனை பேரும் பிழைப்பார்கள். தவறு செய்கிறவரைத் தடுக்க வேண்டும் என்பதற்கு இந்த ஹதீஸை ஆதாரமாகச் சொல்வோம். நம் தூத்துக்குடிக் கடல் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஓட்டை போட்டதில் மேல்தட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நாம்தான் மேல்தட்டு.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் அவற்றை தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பவை வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. இதில் விலாங்குச்சல்லி இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரைச்சல்லி, 2024-ல் சுமார் 3 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. கடல்மட்டம் உயர்வது ஒரு காரணம். அதற்கு முந்தைய காரணம் ஒன்று உண்டு, சகோதரர்களே. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல்லாண்டு காலம் வெட்டி எடுத்தார்கள். படகில் கொண்டுவந்து காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கார்பைடு ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். வெட்டியவர்கள் ஏழைகள், கூலிக்கு வெட்டினார்கள். யாருடைய சுவருக்குப் பூச அந்தச் சுண்ணாம்பு? வாங்க ஆள் இல்லாவிட்டால் வெட்டவும் ஆள் இருந்திருக்காது.

அந்தப் பாறைதான் அலையின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் அலை நேராக மணலில் அடித்தது, தீவு கரைந்தது. 2001-ல் பவளத்தைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 2004 சுனாமியில் தீவுகள் கரைக்குக் கேடயமாக நின்றதைக் கண்ட பிறகுதான் வெட்டுவது உண்மையில் நின்றது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அது இன்றும் திறந்தே கிடக்கிறது. நம் பக்கத்து மழைத் தண்ணீர் எங்கே போகிறது? உப்பாற்று ஓடை வழியாகவும் வைப்பாறு வழியாகவும் கடலுக்குத்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஓடைகளில் மிதந்து போனதை எல்லோரும் பார்த்தோமே. நம் கல்யாண வீட்டு வலீமாவின் தண்ணீர் பாட்டிலும், வயலில் வீசிய மருந்து டப்பாவும், உர மூட்டையின் பிளாஸ்டிக் சாக்கும் அதே வழியில்தான் போகின்றன. அர்ரூம் சூராவின் 41-வது வசனம் சீர்கேட்டைப் பற்றிச் சொல்லும்போது தரையையும் கடலையும் சேர்த்தே சொல்கிறது. காரணம் மனிதனின் கை என்றும் சொல்கிறது.

இந்த ஓட்டையை அடைக்கிறவர்கள் யார்? 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் இரவிலேயே இறங்கித் தள்ளினார்கள், படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. மறுபடி இழுத்தார்கள். பாதிக்கு மேல் இறந்துபோயின. முப்பதுக்கும் அதிகமானவை பிழைத்தன. அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் இல்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை மதரஸாவில் ஓதியவர்கள் நாம். அன்று தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள்.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளை சிமெண்ட் பலகையில் பொருத்திக் கடலடியில் வைத்து வளர்க்கிறார்கள். மிகப் பொறுமையான வேலை. வேகமாக வளரும் கிளைப்பவளமே ஆண்டுக்குச் சில அங்குலம்தான் வளரும். பாக் நீரிணையில் ஓம்கார் அமைப்பினர் மீனவர்களோடு சேர்ந்து, மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் கடல்தாழையை முடிந்து கடலடியில் நடுகிறார்கள். தாழை இருந்தால்தான் மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடம், கடல்பசுவுக்குத் தீனி. 2022-ல் அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடல்பசுவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்து விடுகிற மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள். வலை ஒன்று என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. ஊருக்குப் பொதுவான தீங்கை நீக்குவது ஜனாஸாத் தொழுகையைப் போல ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். ஆனால் தீங்கை உண்டாக்கியவரே ‘வேறு யாரோ சரிசெய்கிறார்கள்’ என்று உட்கார்ந்திருக்க முடியாது என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தவர், கொத்தனார் வந்துவிட்டார் என்று கதவைச் சாத்திக்கொள்வதா?

மிம்பரில் பேசி என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஸன்ஸிபார் பக்கம் பெம்பா தீவை ஒட்டி மிஸாலி என்று ஒரு சிறு தீவு. முஸல்லா என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். அங்கே மீனவர்கள் வெடி போட்டுப் பவளத்தோடு சேர்த்து மீனை அழித்தார்கள். அரசின் தடையால் அதை நிறுத்த முடியவில்லை. இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் என்ற அறிஞரின் முயற்சியில், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குர்ஆனின் வழியில் அவர்களிடம் பேசினார்கள். அதன் பிறகு பலர் வெடியைக் கைவிட்டார்கள்.

நம் ஜமாஅத்தின் அடுத்த வலீமாவிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். எவர்சில்வர் டம்ளரைப் பள்ளிவாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். கழுவுவது யார் என்ற கேள்வி வரும், அதை நிர்வாகிகள் பேசி முடிக்கட்டும். மருந்து டப்பாவை ஓடையில் போடாதீர்கள். வருகிற சனிக்கிழமை நம் வாலிபர்கள் தருவைகுளம் கரையில் குப்பை அள்ளப் போகிறார்கள். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் போகிறோம். ஃபஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் வேன் நிற்கும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழைய சணல் சாக்கும், குடிக்கச் செம்பில் தண்ணீரும் எடுத்து வாருங்கள்.