முந்திரிகை வைரசும் பாடபேதமும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய அறிஞர், ஒரே செய்யுள் ஏட்டுக்கு ஏடு வேறுபடக் கண்டனர். படியெடுப்போன் ஓரெழுத்தைப் பிறழ எழுதுவான். அவ்வேட்டைப் பார்த்தெழுதுவோன் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவான். இங்ஙனம் பெருகியனவே பாடபேதங்கள். முந்திரிகைக் கொடியைப் பற்றும் வைரசுகளிலும் இத்தகையதொன்று நிகழ்கின்றதென அறிந்தபோது, தமிழ் கற்பிக்கும் எமக்கும் அத்துறையிற் சிறிது உரிமை உண்டெனத் தோன்றிற்று.

விதையிற் பிறந்த முந்திரிகை தாய்க்கொடியின் இயல்பை முற்றாகப் பெறுவதில்லை. ஆதலின் தண்டுத் துண்டங்களை நட்டும் ஒட்டியுமே அதனைப் பெருக்குவர். கனியின் சுவை மாறாது காக்கும் இம்முறையே நோய்க்கும் வாயிலாகின்றது. தாய்க்கொடியிலுள்ள வைரசு துண்டத்தோடு புதுத் தோட்டம் புகும். முந்திரிகையில் இதுவரை எண்பதுக்கு மேற்பட்ட வைரசுகள் கண்டறியப்பட்டுள்ளன.

அவற்றுள் நெடுங்காலம் அறியப்பட்டது விசிறியிலை வைரசு. இலை விரித்த விசிறிபோல் உருத்திரியும்; பூ உதிர்ந்து குலை மெலியும். மண்ணில் வாழும் நுண்ணிய வட்டப்புழுவொன்று வேரை உறிஞ்சுங்கால் இதனைக் கொடிக்குக் கொடி கடத்துகின்றதென்பதை 1958இல் கலிபோணியாவில் ஹூவிற், றஸ்கி, கோஹீன் என்னும் மூவர் நிறுவினர்.

இவ்வைரசின் மரபுச் செய்தி ஆர். என். ஏ. எனப்படும் ஈரிழைகளில் உள்ளது. ஓரிழையில் ஏறக்குறைய 7,300 எழுத்துக்கள், மற்றையதில் 3,800. எழுத்தென யாம் கூறுவது நியூக்கிளியோரைட்டு என்னும் அலகை. அவற்றைப் படியெடுக்கும் நொதியம் தன் பிழையைத் திருத்த அறியாது. ஆகவே ஒரே கொடியினுள்ளும் சிறிது சிறிது வேறுபட்ட படிகள் திரள்கின்றன. வாழ்தற்கு ஒவ்வாத பிழையுடையன அழியும், ஏனையவை நிலைக்கும். இருவகைப் படிகள் ஓர் உயிரணுவிற் கூடின், ஒன்றன் பகுதி மற்றதனோடு இணைந்து புதிய இழை பிறத்தலும் உண்டு. ஈரேடுகளை முன்வைத்து மாறிமாறிப் பார்த்தெழுதினான் செயலை இஃது ஒக்கும். வேர்க்கொடியும் ஒட்டுக்கொடியும் தத்தம் வைரசுகளைக் கொணர்ந்து ஓருடலாதலின், ஒட்டுமுறை இக்கூட்டத்திற்கு இடந்தருகின்றது.

இவ்வேற்றுமையால் விளையும் இடர் பெரிது. கொடி நோயற்றதென உறுதி கூறுமுன் அதனைச் சோதிப்பர். சோதனைகளுட் சில, வைரசின் குறித்ததோர் எழுத்துத் தொடரையே தேடுவன. அத்தொடர் பிறழ்ந்த வைரசு தப்பிவிடும். நோயில்லை என்றே விடை வரும். இலைச்சுருள் நோயை விளைக்கும் மூன்றாம் எண் வைரசில் இது மெய்யாகவே நேர்ந்தது. ஏறத்தாழ 18,500 எழுத்துக்கள் கொண்ட அவ்வைரசின் பிரிவுகள் சில, பிறவற்றினின்றும் மிக வேறுபட்டமையாற் பழைய சோதனைகளுக்கு அகப்படவில்லை.

பதிப்பாசிரியர் மூலபாடத்தை நாடுவர். இங்கோ மூலபாடமென எடுத்துக்காட்ட ஒன்றில்லை. பல நாட்டுப் படிகளையும் ஒப்புநோக்கி, யாண்டும் மாறாது நிற்கும் பகுதியைத் தேர்ந்து சோதனை அமைப்பதே ஆய்வாளர் கொள்ளும் வழி. இழை முழுவதையும் வாசிக்கும் புதுமுறையும் இப்போது துணைசெய்கின்றது. தோட்டத்தில் நட்டபின் வைரசை நீக்க மருந்தில்லை. நுனிக்குருத்தை நுண்ணிதாக வெட்டி வளர்த்துத் தூய்மையாக்கிய தாய்க்கொடியையும் அச்சோதனை கொண்டே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.